மிருதுவைத் தூங்க வைத்தல்

மிருது தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். மூடிய இமைக்கு அடியில் விழி அங்கும் இங்கும் ஓடுவது எனக்குத் தெரிகிறது. காந்திபுரத்துக் கண்ணாடிக் கடையில் நாள் பூராவும் ஊரார் கண்ணைச் சோதித்துப் பிழைக்கிறவனிடம் கண்ணை மூடிக்காட்டி ஏமாற்றப் பார்க்கிறாள் இரண்டரை வயதுக்காரி. ஏமாற்றட்டும். ஏமாற்றுகிற வேலையில் இருக்கும்வரை அழமாட்டாள். அழாமல் கிடக்கிற ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு லாபம். திரையை இழுத்துவிட்டேன். மின்விசிறியை மூன்றில் வைத்திருக்கிறேன், நாலில் வைத்தால் அது கடகடவென்று கத்தும். கதவைச் சாத்தினேன், தாழ் போடவில்லை, தாழ் போட்டால் அந்தச் சத்தத்திலேயே இவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். கதவுக்கு அந்தப் பக்கம் மேகலா. பாத்திரம் உருட்டுகிற சத்தம் இல்லை, குழாய்ச் சத்தம் இல்லை, அதாவது என் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். நேற்று தோசை ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “நாளைக்கு மத்தியானம் நீங்க தூங்க வெய்யுங்க பாக்கலாம். நான் உள்ளயே வரமாட்டேன். தூங்கிட்டாள்னா இங்கயே இருந்து பெத்துக்கறேன். இல்லீன்னா வெள்ளிக்கிழமை நானும் அவளும் தாராபுரம்.” சரி என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை, ஆனால் இந்த முறை மாட்டிக்கொண்டதில் ஒரு குஷி இருக்கிறது, நேற்றிலிருந்தே எனக்குத் தலைகால் புரியவில்லை.

தாராபுரம் என்றால் மேகலாவின் பிறந்த வீடு. அங்கே அவள் அம்மா, அண்ணன், அண்ணி, அண்ணன் பிள்ளைகள், வீடு நிறைய ஆள், மிருதுவை ஆளுக்கொரு கையாகத் தூக்கிக்கொள்வார்கள், இப்போதே போனால் பிரசவத்துக்குள் யார் மடியிலாவது தூங்கப் பழகிவிடுவாள். இங்கே கவுண்டம்பாளையத்து மாடி வீட்டில் நான் ஒருவன். எல்லாவற்றுக்கும் ஏற்பாடு சொல்லியாயிற்று. பகலில் கீழ்வீட்டு ரேணுகாக்கா பார்த்துக்கொள்கிறேன் என்று வாயாரச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் மேகலாவுக்குத் துணையாக ராத்திரி ஒரு பெண்ணைத்தான் விடுவார்கள், அதற்கு மாமியார் வந்துவிடுவார். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அந்த இரண்டு மூன்று ராத்திரி மிருது யாரிடம் தூங்குவாள் என்பது. பிறந்ததிலிருந்து அவள் அம்மா இல்லாமல் தூங்கியதே கிடையாது. ராத்திரியும் கிடையாது, மத்தியானமும் கிடையாது. மேகலாவின் காது மடலை விரலிடுக்கில் வைத்து உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்காகவே மேகலா கம்மல் போடுவதை விட்டாள், ஒரு கல்யாணத்துக்குப் போனால்தான் போடுவாள், திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் கம்மலைக் கழற்றுவாள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறந்த வீட்டுக்குப் போயே ஆகவேண்டும் என்று எங்கள் பக்கம் கட்டாயம் ஒன்றும் இல்லை, முதல் பிரசவம்தான் அங்கே, அடுத்தது அவரவர் சௌகரியம். ஆனால் போய்விட்டால் போனதுதான். பிள்ளை பிறந்து மூன்று மாசம் கழித்துத்தான் அனுப்புவார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் பழம் வாங்கிக்கொண்டு போய் விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்து, என் பிள்ளையை யாராவது கொண்டுவந்து காட்டும்போது பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து வரவேண்டும். அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். பிறக்கிற நேரத்தில் நான் அங்கே இருக்கமாட்டேன் என்பதைத்தான் சகிக்க முடியவில்லை.

விழி நின்றுவிட்டது. இல்லை, மறுபடி ஓடுகிறது. ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்க்கிறாள். நான் உடனே என் கண்ணை மூடிக்கொள்கிறேன். இப்போது யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று தெரியவில்லை. கை வருகிறது. என் கன்னத்தைத் தடவி மேலே ஏறி காதைப் பிடிக்கிறது, நான் அசையாமல் கிடக்கிறேன், நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது. பிடி தங்கம், பிடி, அப்பா காதும் காதுதான், இரண்டு இருக்கிறது, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். இரண்டு உருட்டு உருட்டுகிறாள். அப்புறம் நின்றுவிடுகிறது. “முடி” என்கிறாள். எழுந்து உட்கார்ந்து என் காதுக்குள் உற்றுப் பார்க்கிறாள். “அப்பா காதுல முடி இருக்கு.” இருக்கிறது, முப்பத்தைந்து வயதில் தலையில் உதிர்ந்ததெல்லாம் காதில் முளைத்திருக்கிறது, காலையில் சவரம் செய்தபோது இதையும் கவனித்திருக்கலாம், இவ்வளவு ஏற்பாடு செய்தவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். முடிந்தது, இப்போது உதட்டைப் பிதுக்குவாள், கன்னம் சிவக்கும், அந்த ஒரு வார்த்தை வரும், அது வந்துவிட்டால் நிறுத்த முடியாது, வெள்ளிக்கிழமை தாராபுரத்திலிருந்து மச்சான் காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றுவிடுவார். ஆனால் அவள் சிரிக்கிறாள். காதுமுடியை இரண்டு விரலால் பிடித்து ஒரு இழு இழுக்கிறாள். கண்ணில் தண்ணி வந்துவிட்டது எனக்கு. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் மேகலா கதவைத் திறந்துவிடுவாள்.

முதல் பிள்ளைக்கு நான் அங்கே இல்லை. அதில் யார் தப்பும் இல்லை, டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் கிடந்தது, நான் அந்த வாரக் கடைசியில் போவதாக இருந்தேன். அன்றைக்குக் கடையில் ஒரு பெரியவருக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் மூக்கில் இரும்பு ஃப்ரேமை மாட்டி லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா என்று கேட்டுக்கொண்டிருந்தேன், இருட்டறை, எதிரே சுவரில் எழுத்து மட்டும் வெளிச்சமாக இருந்தது. போன் அடித்தது. மேகலாவின் அண்ணன், முருகவேல் மச்சான். எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன், கையில் லென்ஸ் இருந்ததால். ஹலோகூடச் சொல்லவில்லை அந்த மனுஷன், போனைப் பிள்ளைகிட்டே நீட்டிவிட்டார் போல. ஒரு அழுகை. மெலிசாக, கோபமாக, விட்டு விட்டு. நான் அப்படியே நின்றுவிட்டேன். பெரியவர் ஃப்ரேமோடு தலையைத் தூக்கி, “எழுத்து ஒண்ணும் தெரியலீங்க தம்பி, ஆனா நல்லாக் கேக்குது” என்றார். அந்த இருட்டில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்ட முதல் ஆள் அவர்தான், பெயர்கூடத் தெரியாது. அப்புறம் பஸ் பிடித்து, பல்லடத்தில் ஒரு கோயில் ஊர்வலத்தில் மாட்டி, போய்ச் சேர்ந்தபோது சேனை வைத்து முடித்திருந்தார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணி ஒரு சொட்டுத் தொட்டுவைப்பதுதான் சேனை, தொட்டுவைத்தவர் குணம் அப்படியே பிள்ளைக்கு வருமாம். முருகவேல் மச்சான் தொட்டுவைத்திருக்கிறார், நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறார். மச்சான் ஒன்றை மாட்டேன் என்றால் மாட்டேன்தான், மாவட்டமே திரண்டு வந்தாலும் மாட்டேன்தான். மிருது குடிக்க மாட்டேன் என்று டம்ளரைத் தட்டிவிடும்போதெல்லாம் மேகலா என்னைப் பார்ப்பாள், நான் தாராபுரம் இருக்கிற திசையைப் பார்ப்பேன். இந்தத் தடவை சேனையெல்லாம் வேண்டாம், டாக்டர் கூடாது என்றால் கூடாதுதான். எனக்கு அந்த முதல் அழுகை வேண்டும். ஸ்பீக்கரில் இல்லாமல், ஒரு கதவுக்கு வெளியே நின்று, என் சொந்தக் காதால்.

“அப்பா, காக்கா கதை.” சரி, காக்கா கதை. காக்கா கதையை நேற்றுதான் உற்பத்தி செய்தேன், இன்னும் முடிவு கட்டவில்லை. ஒரு காக்காவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. வடைக்குப் பதிலாகக் கூழாங்கல்லைக் கொத்திவிட்டது. மூக்கு வலி. நேரே அப்பா கடைக்கு வந்தது. “அம்... அம்...” என்கிறாள். என் மூச்சு நின்றுபோகிறது. “அம்புட்டு வலியா?” இது ரேணுகாக்காவிடம் கற்றுக்கொண்டது, அம்புட்டு, இம்புட்டு. ஆமாம் சாமி, அம்புட்டு வலி. இவள் இதுவரை அம்மா என்று சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. படுக்க வந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது, உறைத்ததும் உடம்பெல்லாம் ஒரு துள்ளல், எழுந்து குதிக்க வேண்டும் போல இருக்கிறது, குதிக்க முடியாது, படுத்தபடியே கால் விரல்களை மட்டும் ஆட்டிக்கொள்கிறேன். காக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, ஃப்ரேமை மாட்டி, இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா என்று கேட்டேன். காக்கா, கா என்றது. அதற்கு அந்த ஒரு எழுத்துத்தானே தெரியும். மிருதுவுக்கு இது போதும், அடக்கமாட்டாமல் சிரிக்கிறாள், சிரிப்பு நல்லதில்லை, சிரித்தால் தூக்கம் கலையும், குரலைத் தாழ்த்து, மெதுவாக, இன்னும் மெதுவாக, காக்காவுக்குக் கண் அசந்து வருகிறது, காக்கா கொட்டாவி விடுகிறது. அவளும் ஒரு கொட்டாவி விடுகிறாள். நான் பார்த்ததிலேயே மிக அழகான கொட்டாவி அதுதான்.

இந்தப் பிள்ளை வரப்போவதை முதலில் கண்டுபிடித்தது இவள்தான். மேகலா டெஸ்ட் பண்ணிப் பார்ப்பதற்கு ஒரு வாரம் முன்னால், ரேணுகாக்கா வாசலில் வைத்து, குனிந்து தரையில் தலையை ஊன்றிக் காலிடுக்கு வழியாக எங்களைத் தலைகீழாகப் பார்த்தாள். ரேணுகாக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “பாப்பா பின்னாடி பாக்கறா, தம்பியையோ தங்கச்சியையோ தேடறாளாட்ட இருக்குது” என்றார். மேகலா சிரித்து மழுப்பினாள், மாடிக்கு வந்ததும் காலண்டரைப் பார்த்தாள், நான் மேகலாவைப் பார்த்தேன். அதிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாம் இவளிடம் ஜோசியம் கேட்கிறார்கள், மூத்த பிள்ளை வாக்குப் பலிக்குமாம். இன்றைக்குக் காலையில் கறிக்கடையில்கூட. வண்டியின் முன்னால் நின்றுகொண்டுதான் வந்தாள், ஹாரன் பொறுப்பு அவளுடையது, வழியெல்லாம் அடித்துக்கொண்டே வந்தாள், யாரும் திட்டவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலை. கறிக்கடைக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, அம்மா வயித்துல தம்பியா தங்கச்சியா என்று கேட்டார். மிருது நன்றாக யோசித்து, பூனை என்றாள். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், நான் இருந்த சந்தோஷத்தில் வாங்க நினைத்ததற்கு மேல் அரைக் கிலோ சேர்த்து வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் மேகலா வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், போதும் நிறுத்துங்க, முடியலை என்று கெஞ்சினாள். பூனையானாலும் சரி. எதுவானாலும் நான் கதவுக்கு வெளியே நிற்பேன். அப்புறம் இரண்டு பேர். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் மேகலா, ஹாரனுக்குச் சண்டை வரும், பழைய வண்டியை மாற்ற வேண்டும், வீட்டையும்தான் மாற்ற வேண்டும், மாடிப்படியில் கம்பி இடைவெளி அதிகம், ஒரு பிள்ளை என்றால் ஒரு கையில் பிடித்துக்கொள்ளலாம், இரண்டு என்றால்? ஒன்றைத் தூக்கும்போது மற்றது எங்கே ஓடும்? ஒன்று அழும்போது மற்றது அழாமல் இருக்குமா, மிருது நடுராத்திரியில் காதைத் தேடும்போது அந்தக் காதுப் பக்கம் வேறொரு பிள்ளை படுத்துக் கிடந்தால் இவள் கை எங்கே போகும். இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் யோசனை முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. நின்றுவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறது, வண்டி, முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று.

கை மறுபடி வருகிறது. காதுக்குப் போகவில்லை. தோளைத் தாண்டிக் கீழே இறங்கி, என் முழங்கையில், அந்தச் சுருங்கிய தோலில் வந்து நிற்கிறது. யாரும் ஒருநாளும் தொடாத இடம், அங்கே ஒரு தோல் இருக்கிறது என்று எனக்கே நினைவு வந்தது கிடையாது. அதை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்கிறாள். இழுக்கிறாள். உருட்டுகிறாள். உருட்டிக்கொண்டே இருக்கிறாள். நான் கையை நீட்டிய நிலையில் விட்டுவிட்டேன், மடக்கினால் தோல் இறுகிவிடும், கை மரத்துப்போகிறது, மரத்துப்போகட்டும், வெட்டியே எடுத்துக்கொள்ளட்டும். காக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பறந்துபோனது. வழியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மரம் தெரிந்தது. வீடு தெரிந்தது. அதன் கூடு தெரிந்தது. கூட்டுக்குள்ளே என்ன இருந்தது தெரியுமா? பதில் இல்லை. உருட்டல் மெதுவாகிறது, நிற்கிறது, நினைவு வந்தது போல ஒருமுறை உருட்டுகிறது, நின்றுவிடுகிறது. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. நெற்றியில் வியர்வை. இமைக்கு அடியில் அசைவே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன். ஐயோ, நான் ஜெயித்துவிட்டேன். கையை எடுக்க மனசில்லை, எடுக்காமல் எப்படி வெளியே போய்ச் சொல்வது, ஒவ்வொரு விரலாக விடுவித்து, தலையணையை அணைவாக வைத்து, கட்டில் முனகாமல் ஒரு காலை இறக்கி, இன்னொரு காலை இறக்கி, கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

மேகலா சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காய்ந்த துணிகள் குவியலாகக் கிடந்தன, மடியில் மிருதுவின் மஞ்சள் கவுன். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன், கிரிக்கெட்டில் சிக்ஸருக்குக் காட்டுவார்களே, அப்படி. தூங்கிட்டாளா என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். தலையாட்டினேன். கிட்டப்போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கிசுகிசுவென்று கொட்டினேன், காதுமுடி, காக்கா, முழங்கை, எனக்குச் சொல்லி மாளவில்லை. மேகலா கேட்டுக்கொண்டே கவுனை மடித்தாள். எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்.

“என்னயக் கேட்டாளா?”

“கேக்கவே இல்ல மேகலா. ஒரு தடவகூட.” பெருமையாகத்தான் சொன்னேன். பரீட்சையில் முழு மார்க் வாங்கியவன் மாதிரி சொன்னேன்.

“சரி. அப்ப இங்கயே இருந்துக்கறேன்” என்றாள். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, இதோ, கேட்ட வார்த்தை, சொன்ன வார்த்தை மாறாமல். அவள் மடித்த கவுனை உதறி மறுபடி மடித்தாள். அதையே இன்னொரு தடவை உதறினாள். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் உதடு சிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. “நல்லதுதானுங்க. இப்படித்தான் பழகோணும்னு நாந்தானே சொன்னேன்” என்றாள். பிறகு துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “இவ ஒருத்தி மட்டும் எம்பக்கத்துல படுக்கறது இனிக் கொஞ்ச நாளைக்குத்தான். அதுல ஒரு மத்தியானம் போயிருச்சு.”

எனக்கு ஒரு அழுகையைக் கேட்க வேண்டும் என்று இத்தனை நாளாகத் துடித்துக்கொண்டிருக்கிறேன், இவளும் ஒரு அழுகைக்காகத்தான் சுவரில் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பாத்திரம் உருட்டாமல், குழாயைத் திறக்காமல். நான் தோற்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. உடனே ஜெயிக்காமல் கொஞ்சம் திணறியிருக்கலாம். ஒரே ஒரு “அம்மா”வாவது அவள் வாயில் வந்திருக்கலாம். தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன், தண்ணி குடிக்கவில்லை. அறைக்குள் போனேன். மிருது அதே இடத்தில், நான் விட்டுவந்தபடியே, ஒரு கை தலையணைமேல். இவ்வளவு அழகாகத் தூங்குகிற பிள்ளையை யாராவது எழுப்புவார்களா, ரேணுகாக்காவுக்குத் தெரிந்தால் கையை முறித்துவிடுவார். அதுவும் தூங்கவைக்க உயிரை விட்டவனே எழுப்புவானா. எழுப்பினால், இது தூக்கத்திலேயே சேர்த்தியில்லை, சும்மா கண் அசந்தாள் என்று மேகலா சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமை. கார். நாற்காலி, காபி, கடைசி பஸ். கதவுக்கு வெளியே நிற்கப்போவது மறுபடியும் முருகவேல் மச்சான், நான் மறுபடியும் ஸ்பீக்கர். வேண்டாம் என்று வெளியே வரத் திரும்பினேன். சமையலறையில் துணி உதறுகிற சத்தம் கேட்டது, அதே கவுனாகத்தான் இருக்கும். திரும்பிப் போய்க் கட்டிலோரமாகக் குத்தவைத்து, அந்தச் சின்ன உள்ளங்காலில் ஒரு விரலால் மெதுவாகச் சுரண்டினேன். காலை இழுத்துக்கொண்டாள். இன்னொரு தடவை. புரண்டாள். இன்னும் ஒன்று. கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், அரைத் தூக்கத்தில் என்னை யார் என்று யோசித்தாள், முகம் கோணியது, கன்னம் சிவந்தது, வீடு முழுக்க எதிரொலிக்கிற மாதிரி வந்தது அந்த வார்த்தை.

“அம்மா.”

ஒன்பது மாச வயிற்றை வைத்துக்கொண்டு தரையிலிருந்து எழுந்து அவ்வளவு வேகமாக ஒருத்தி வரமுடியும் என்று நான் நினைத்ததில்லை. வந்துட்டேன் சாமி, வந்துட்டேன் தங்கம், அம்மா இருக்கேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். முகம் அப்படி ஒரு வெளிச்சமாக இருந்தது. நான் ஜன்னல் பக்கம் நின்று, திரையைச் சரிசெய்கிற ஆள் மாதிரி திரையைப் பிடித்துக்கொண்டேன். தானா எழுந்துட்டா என்றேன், யாரும் கேட்காமலேயே. மிருது அழுதுகொண்டே உள்ளங்காலை மெத்தையில் தேய்ப்பதை மேகலா பார்த்தாள். மிருதுவின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து வயிற்றுக்குக் கீழே தலையணையைச் செருகிக்கொண்டாள், மிருதுவின் கை ஏறி, தேடி, காது மடலைப் பிடித்தது, அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி அடங்கியது. நான் அங்கேயே நின்றேன். மூன்று பேரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். போகட்டும், வெள்ளிக்கிழமை போனால் போகட்டும், ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன, பழம் வாங்கிக்கொண்டு போகலாம், நாற்காலியில் உட்காரலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், செய்ததை எண்ணி வருத்தம் வரவில்லை. மிருது அசந்துவிட்டாள் என்று தெரிந்தபிறகு மேகலா, தலையைத் திருப்பாமல், சத்தம் வராமல் சொன்னாள்.

“அம்மாளுக்குப் போன் பண்ணி, வெள்ளிக்கிழமை காரு அனுப்ப வேண்டாம்னு சொல்லிருங்க. நேரம் வந்தா அவங்களே இங்க வரட்டும்.”

சரி என்றேன்.

“அப்பறம், இன்னொருக்கா எழுப்பறதுன்னா உள்ளங்காலைச் சொறியாதீங்க. அவளுக்குக் கூசும்.”